கார்டு கன்னையா சொன்ன பரபக்கம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அந்நாளில் ஒரு சைவ சித்தாந்த சபை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் கூடுவார்கள். ரயில்வே குமாஸ்தாக்கள், செந்தூல் ரயில் பட்டறை ஆட்கள், இரண்டு மூன்று கடைக்காரர்கள் என்று மொத்தம் இருபது பேருக்குள்தான் இருக்கும். பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொள்வார்கள். தொடங்கிய காலத்தில் பதி, பசு, பாசம் என்று தத்துவம் மட்டுமே பேசினார்கள். ஆனால் உலகம் சும்மா இருக்கவில்லை. ரப்பர் விலை விழுந்தது. கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அபிசீனியாவில் சண்டை வந்தது. மடியில் பத்திரிகையை வைத்துக்கொண்டு பாசத்தைப் பற்றி எத்தனை நேரம் பேச முடியும்? ஆகவே அந்த வாரத்துச் செய்தி ஒன்றை எடுத்து, பழைய தத்துவத்தில் உரசிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

சபைக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. தன் கொள்கையைச் சொல்லுமுன் எதிராளியின் கொள்கையை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பரபக்கம் என்று பெயர். எதிராளியே கேட்டு, "ஆமாம், நான் சொல்ல நினைப்பது இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். அவன் தலை ஆடிய பிறகுதான் சுபக்கம், அதாவது தன் பக்கம், தொடங்கலாம். அந்தக் காலத்து வாதிகள் அப்படித்தான் வாதாடினார்கள் என்பார் சபைத் தலைவர் இராமலிங்கம். அவர் மராமத்து இலாகாவில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பரபக்கம் சொல்வதில் சபைச் செயலாளர் கன்னையாவை மிஞ்ச ஆள் இல்லை. கன்னையா கிள்ளான் லைனில் பாசஞ்சர் வண்டிக்குக் கார்டு. நாற்பத்திரண்டு வயது. மனைவி காலமாகி ஏழு வருடம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. அபிசீனியச் சண்டையைப் பற்றிப் பேசிய அன்று அவர் இத்தாலியின் பக்கத்தை அவ்வளவு பாங்காக எடுத்துச் சொன்னதில், செந்தூல் பட்டறை ஃபிட்டர் அய்யாவு கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் திரும்பி வந்து, "உங்க சுபக்கத்தைக் கேக்காமப் போயிட்டேண்ணே, அதையும் சொல்லுங்க" என்று எதிரே உட்கார்ந்தான். கன்னையாவுக்கு உள்ளூர அதில் பெருமை.

ஆனால் அந்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், அவர் மனத்தில் சபைக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் கன்னையாவின் பகல் வண்டி பத்து தீகா என்ற ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கும். பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதே நாட்களில் தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும் மிட்வைஃப் பெர்னடெட், தன் கறுப்புப் பையோடு அந்தப் பிளாட்பாரத்தில் நிற்பாள். கணவனை இளம் வயதில் இழந்தவள். வயது முப்பத்தெட்டு. தோட்டத்தார் எல்லாரும் அவளை மிஸ்ஸி என்பார்கள். கன்னையாவும் அப்படித்தான் அழைத்தார். அவள் அவரைக் கார்டய்யா என்பாள். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அன்று பிறந்த பிள்ளை ஆணா பெண்ணா என்று அவர் கேட்பார். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாகப் பேசினால் இரண்டு வருடத்தில் ஒருவரை நன்றாகவே தெரிந்துகொள்ளலாம் என்பது கன்னையாவுக்கு அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விளங்கியது. தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அன்றைக்கே கேட்டுவிட்டார்.

அவள் அதிர்ச்சியடையவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் வேதக்காரி. அதை மாத்திக்க மாட்டேன். உங்களையும் மாறச் சொல்ல மாட்டேன். சாமியார்கிட்டக் கேட்டா பிஷப் மேற்றிராணியார்கிட்ட அனுமதி வாங்கித் தருவாரு. அதெல்லாம் நடக்கும். உங்க சபையில சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ சொல்லிட்டு வந்து கேளுங்க, கார்டய்யா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் கன்னையா நினைத்தார். ஒரு ஞாயிறு இராமலிங்கத்துக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு வாரம் தீபாவளி. அதற்கடுத்த ஞாயிறு, சபையின் செயலாளர் சைவ நெறி வழுவாத குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்ற விதியை இராமலிங்கம் ஏதோ பேச்சுவாக்கில் எடுத்துச் சொன்னார். கன்னையா அன்றும் சொல்லாமலே வீடு திரும்பினார். பத்து வருடம் கட்டிக் காத்த சபை. தனக்கு ஒரு கடமை இருக்கிறதே, ஆசைக்காக அதை உதறலாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அது நியாயமாகவும் பட்டது. பத்து தீகாவில் பெர்னடெட் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசினாள்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, இங்கிலாந்து மன்னர் முடி துறந்த செய்தி வந்தது. இரண்டு முறை மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை மணக்க வேண்டும், மந்திரிகள் சம்மதிக்கவில்லை, ஆகவே சிம்மாசனமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோலாலம்பூர் ஸ்டேஷனில் போர்ட்டர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை வேறு பேச்சில்லை. பள்ளிக்கூடத்தில் மன்னரின் படத்தை அந்த வருடம்தான் புதிதாக மாட்டியிருந்தார்கள். கழற்றுவதா வைப்பதா என்று மேலிடத்து உத்தரவு வராததால் தலைமையாசிரியர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அடுத்த வாரத்துக்கான தலைப்பை முடிவு செய்தார்கள். சபையில் பாதிப்பேர் சர்க்கார் சம்பளக்காரர்கள். மன்னர் பெயரைப் போட்டால் எந்தத் துரை காதிலாவது விழுந்து வம்பாகும் என்று பயந்து, "ஓர் அரசன் தன் விருப்பம் கருதி முடியைத் துறப்பது அறமாகுமா" என்று பொதுவாக எழுதினார்கள். யார் எந்தப் பக்கம் என்று சீட்டுப் போட்டார்கள். அறமே என்ற சீட்டு அய்யாவுக்கு வந்தது. ஆகாது என்ற சீட்டு கன்னையாவுக்கு.

சீட்டைப் பிரித்தபோது கன்னையாவுக்கு நிம்மதியாக இருந்தது. அரசன் செய்தது தவறு என்று தத்துவப்படி நிறுவிவிட்டால் தன் இரண்டு மாத மௌனமும் சரி என்றாகிவிடும் என்று அப்போது அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அன்று மாலையே உட்கார்ந்து சுபக்கத்தை நாலு பக்கம் எழுதி முடித்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுதியதே கிடையாது.

பரபக்கம்தான் பாக்கி. அதற்கு அவர் எப்போதும் நாலு பேரைக் கேட்பார். முடிவெட்டுகிறவரைக் கேட்டார், ரயில்வே கேன்டீனில் கேட்டார். செவ்வாய்க்கிழமை பத்து தீகாவில் பெர்னடெட்டிடமும் கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"மன்னர் பக்கத்து நியாயத்தையா கேக்கறீங்க?" என்றாள் அவள்.

"ஆமா மிஸ்ஸி. அவங்க பக்கத்தைக் குறைச்சு சொல்லிடக் கூடாது. அது சபை விதி."

அவள் எதிர்வண்டி வரவேண்டிய திசையில் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு எதை விட்டாருன்னே எல்லாரும் பேசறாங்க. அந்தம்மா எதை விட்டாங்கன்னு யாரும் கேக்கல. இனிமே உலகத்துல எந்த வீட்லயும் அவங்க பேரை நல்லபடியா எடுக்க மாட்டாங்க. அதையும் எழுதிக்குங்க."

கன்னையா எழுதிக்கொண்டார்.

"அப்புறம் இன்னொண்ணு. ராஜாவா இருந்துக்கிட்டே அந்தம்மாவைப் பின்கட்டுல வச்சிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க லா. எத்தனை ராஜா வச்சிருந்தாங்க. இவரு வெளியில சொன்னாரு. சொன்னதாலதான் முடி போச்சு. செஞ்சதால இல்ல."

கன்னையாவின் பென்சில் நின்றது. எதிர்வண்டியின் ஊதல் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு கன்னையாவின் வண்டியில் இருந்த பெண்கள் பெட்டியைப் பார்த்து நடந்தாள். கன்னையா பச்சைக் கொடியை அசைத்தார். சுபக்கத்தில் இதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று கிள்ளான் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். எழுதிய நாலு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அதில் இதற்குப் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பிவிட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். இராமலிங்கம் தலைப்பை வாசித்துவிட்டுக் கன்னையாவைப் பார்த்தார். கன்னையா எழுந்து, அய்யாவு பக்கம் திரும்பி நின்றார்.

"முதல்ல உங்க பக்கத்தைச் சொல்றேன், அய்யாவு. தப்பா இருந்தா நிறுத்துங்க. நம்ம பெரியவங்க நாலு சொன்னாங்க. அறம், பொருள், இன்பம், வீடு. இன்பம் மூணாவதா நிக்குது. ஆனா அதை எடுத்துப் போட்டுட்டு மூணே மூணுன்னு யாரும் எண்ணல. முடி வச்சதால ஒரு மனுசனுக்கு நாலு மூணாயிடுமா? இது உங்க முதல் நியாயம்."

அய்யாவு தலையாட்டினான்.

"ரெண்டாவது. ராஜ்யத்தை விட்டுட்டுக் காட்டுக்குத் தவம் பண்ணப் போன அரசனை நாம கையெடுத்துக் கும்பிடறோம். அவன் போனப்பவும் குடிமக்கள் அழுதிருப்பாங்க. கடவுளுக்காக விட்டா துறவு, பெண்ணுக்காக விட்டா ஓட்டம். குடிமக்களுக்கு ரெண்டுலயும் அரசன் இல்லதானே? அப்போ நாம எடை போடுறது அவன் விட்டதையா, இல்ல அவன் எதுக்காக விட்டான்கிறதையா? எதுக்காகன்னா, அவன் மனசை எட்டிப் பாத்தவங்க நம்மில யாரு?"

அய்யாவு இப்போது முன்னால் சாய்ந்திருந்தான். இந்த நியாயம் அவன் யோசித்திராதது. ஆனாலும் தலையாட்டினான்.

"மூணாவது, அந்தப் பெண். அவங்க இதுல எதை இழந்தாங்கன்னு இந்தத் தலைப்புலயே நாம எழுதல. நாலாவது, வாய்மை. அந்த அரசன் மறைச்சு வச்சிருந்தா முடி தலையிலயே இருந்திருக்கும். ஊரும் மெச்சியிருக்கும். எழுந்து நின்னு, எனக்கு இப்படி ஒரு மனசு இருக்குன்னு சொன்னான். அதனால இழந்தான். ஒருத்தன் கடமைன்னு சொல்லி ஒரு நாற்காலியில உக்காந்திருக்கிறது, நிஜமா கடமைக்காகவா, இல்ல உண்மையைச் சொல்லப் பயந்ததாலயா? ரெண்டும் வெளியில பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

அய்யாவு மெதுவாகத் தலையாட்டினான். இனிச் சுபக்கம் தொடங்கலாம் என்று இராமலிங்கம் கை காட்டினார். கன்னையா சட்டைப் பையிலிருந்து நாலு பக்கத்தையும் எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார். தன் கையெழுத்தே வேறு யாருடையதோ போல இருந்தது. தாள்களை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.

"என்கிட்டச் சுபக்கம் இல்லீங்க ஐயா. எழுதி வச்சிருக்கேன். நம்பி எழுதல, எனக்குத் தேவைப்பட்டதால எழுதினேன். ஐயம், திரிபுன்னு நாம படிச்சிருக்கோமே, கயித்தைப் பாம்புன்னு நினைக்கிறது. நான் என் பயத்தைக் கடமைன்னு நினைச்சுட்டேன்." சபையின் பக்கம் திரும்பினார். "கிள்ளான்ல ஒரு அம்மா இருக்காங்க. வேதக்காரங்க. அவங்களைக் கட்டிக்கணும்னு இருக்கேன். அவங்க மதம் மாற மாட்டாங்க, நானும் மாறப்போறதில்ல. ரெண்டு மாசமா உங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். செயலாளர் வேலையை இன்னியோட விட்டுடறேன்."

உட்கார்ந்தார். முழங்கால் பெஞ்சில் இடித்தது.

பின்னால் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். ஒரு கடைக்காரர் எழுந்து வெளியே போனார். இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "அய்யாவு, நீங்க பேசுங்க" என்றார்.

அய்யாவு எழுந்தான். "நான் பேச வந்ததெல்லாம் அண்ணன் பேசிட்டாரு. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல. ஆனா ஒரு பக்கம் மட்டும் பேசி எந்திரிச்சுப் போனா விவாதம் நொண்டியா நிக்கும். அதனால அண்ணன் விட்ட பக்கத்தை நானே பேசறேன். அந்த ராஜா சொன்னது வாய்மைதான். ஒத்துக்கறேன். ஆனா அவரு கழட்டி வச்ச முடி கீழ விழலியே. தம்பி தலையில போய் உக்காந்துடுச்சு. அந்தத் தம்பி கேட்டாரா? ஒருத்தர் துறந்தா இன்னொருத்தர் சுமக்க வேண்டியிருக்கு. சுமக்கப் போறவனைக் கேக்காம துறக்கிறது எப்படி அறமாகும்?" கன்னையாவைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொன்னது சரி. ஆனா வேலையை விட்டுடறேன்னு நீங்களே முடிவு கட்டினது சரியில்ல. அதை நாங்க பேசணும். எங்களைக் கேக்கல நீங்க."

கன்னையாவுக்கு முகம் சுட்டது. ராஜினாமா செய்ததில் தனக்கு ஒரு கம்பீரம் இருந்ததை அப்போதுதான் கவனித்தார். அது போய்விட்டது. போனதும் மூச்சு விட லேசாக இருந்தது.

இராமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு இதுல சம்மதம் இல்ல, கன்னையா. ஆனா நீங்க சொன்ன பரபக்கத்துக்கு இன்னிக்கு என்கிட்டயும் பதில் இல்ல. ஒரு வாரம் யோசிக்கிறேன். அதுவரைக்கும் நீங்கதான் செயலாளர்."

அந்த ஒரு வாரமும் குடியிருப்பில் பேச்சு நடந்தது. சிலர் கன்னையாவைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனார்கள். சிலர் வேண்டுமென்றே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் லீவில் இருந்த பெர்னடெட் அந்த வாரம் பத்து தீகா பக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு சபை கூடியதும் இராமலிங்கம் எழுதி வந்ததை வாசித்தார். கன்னையாவின் வாதத்தை முதலில் அப்படியே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். கன்னையா தலையாட்டினார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார்: ஒருவர் நல்லவர் என்பது வேறு, ஒரு சபையின் விதி வேறு, விதியை நமக்குப் பிடித்தவருக்காக இன்று வளைத்தால் நாளை பிடிக்காதவர் வளைக்கும்போது தடுக்க முடியாது. கை தூக்கச் சொன்னார்கள். கன்னையா செயலாளராக நீடிக்கலாம் என்று ஏழு கை. கூடாது என்று ஒன்பது. இராமலிங்கத்தின் கை ஒன்பதில் ஒன்று. உறுப்பினராக இருக்கலாம் என்பதில் மட்டும் எல்லாருக்கும் சம்மதம். அய்யாவு செயலாளரானான். கன்னையா சபைப் புத்தகங்களையும் முத்திரையையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து தீகாவில் பெர்னடெட் கூரையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தூறல். கன்னையா இறங்கி நேராக அவளிடம் போனார்.

"சபையில சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன். கிள்ளான் வரைக்கும் வந்துடுச்சு. என்ன முடிவு பண்ணாங்க?"

"செயலாளர் இல்ல. உறுப்பினரா இருக்கலாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "வருத்தமா?"

"ஆமா. வருத்தந்தான். பத்து வருசம் செஞ்ச வேலை."

"இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்ச நாள் யோசிச்சிருப்பேன்," என்றாள் பெர்னடெட். "எனக்காக எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன்னு சொல்ற ஆளோட குடும்பம் நடத்த முடியாது. பின்னால ஒரு நாள் கணக்குக் கேப்பாங்க."

கன்னையாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ இப்ப கேக்கலாமா?"

"கேளுங்க."

அவர் மறுபடியும் கேட்டார். அவள் சரி என்றாள். எதிர்வண்டி அன்று எட்டு நிமிடம் தாமதம். இருவரும் அந்த எட்டு நிமிடமும் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேற்றிராணியாரின் அனுமதிக் கடிதம் வருவதற்குள் தவக்காலமே முடிந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு கிள்ளான் மாதா கோவிலின் பக்கத்து அறையில், பீடத்துக்கு முன்னால் நிற்காமல், அப்படிப்பட்ட கலியாணங்களுக்கு இருந்த முறைப்படி திருமணம் நடந்தது. பெர்னடெட்டின் அக்கா மகதலேனாவும் ஃபிட்டர் அய்யாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இராமலிங்கம் வரவில்லை. வாழ்த்தும் அனுப்பவில்லை. மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு கன்னையா கிள்ளானில் குடியேறினார். ஆனால் ஞாயிறு பிற்பகல் வண்டியேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவார்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு பெர்னடெட்டும் உடன் வந்தாள். பெண்கள் வரக்கூடாது என்று விதியில் இல்லை, வந்ததும் இல்லை. பேச்சு அன்று சீனாவில் நடக்கும் சண்டையைப் பற்றி. இராமலிங்கம் எழுந்து படையெடுத்தவன் பக்கத்தைப் பரபக்கமாகச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கன்னையாவின் தோளில் பாரம் விழுந்தது. காலையில் ஒரு தோட்டத்தில் இரட்டைப் பிள்ளைப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வண்டிக்கு வந்தவள், அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கன்னையா எழுப்பப் போனார். இராமலிங்கம் அங்கிருந்தே பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.